மேலே ஏறிய மணல்

தென்றலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கெட்ட பழக்கம் என்று சொல்வது அவள் அம்மா. ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை விடமாட்டாள். சோறு ஆறிப்போகும், பால் பொங்கி வழியும், தென்றல் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"உடும்புப் பிடி" என்று சிரிப்பார் அப்பா ராமதாஸ். உடும்பாவது ஒரு நேரம் விட்டுவிடும் என்பது அம்மாவின் கருத்து.

அவர்கள் வீடு அடி அண்ணாமலையில் இருக்கிறது. ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். அந்தச் சித்திரையில் கோரையேரி வற்றிவிட்டதால், விவசாயிகள் வயலுக்கு வண்டல் மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி அண்ணன் ஜேசிபியால் மண்ணை வெட்டிப் போடுவார். அப்பா அதை வயல்வயலாகக் கொண்டுபோய்க் கொட்டுவார். மதியம் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது தென்றலின் வேலை.

அன்று புதன்கிழமை. தூக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தென்றல் புதிதாக வெட்டிய பள்ளத்தில் இறங்கினாள். ஒரு ஆள் உயரம்தான் இருக்கும். பள்ளத்தின் சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா! இங்க வாப்பா! சுவத்துல என்னமோ இருக்குது!"

"இன்னாம்மா, பாம்பா?"

"பாம்பு இல்லப்பா. மணல்."

"ஏரியில மணல் இல்லாம இட்லி மாவா இருக்கும்?" என்றபடியே அப்பா வந்தார். கையில் புளிச்சோறு ஒட்டியிருந்தது.

சுவரின் மேல்பகுதி பழுப்பு வண்டல். அதன் கீழே கன்னங்கரேலென்று ஒரு தடித்த அடுக்கு. அது கோரைப்புல் மக்கி மக்கிச் சேர்ந்த மண். விரலால் தொட்டால் பழைய வேர்கள் நார் நாராக வந்தன. அதற்கும் கீழே, சுவரின் அடியில், வெள்ளை மணல்.

இதுவரை சரி. ஆனால் அந்த வெள்ளை மணலிலிருந்து கைத்தடிமனில் ஒரு தூண் கிளம்பி, கரிய அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலே போயிருந்தது. பாதித் தூரம் போனதும் குடை விரித்த மாதிரி இரண்டு பக்கமும் பரவி நின்றுவிட்டது. குடைக்கு மேலே மறுபடியும் கறுப்பு.

"எலி வளையா இருக்கும்மா" என்றார் அப்பா. "மேல இருந்த மணல் ஓட்டை வழியா உள்ள விழுந்திருக்கும்."

"மேல வெள்ளை மணலே இல்லியேப்பா. அடியிலதான இருக்குது? அதுவும் அந்தக் குடைக்கு மேல கறுப்பு மண்ணு கிழியவே இல்ல. மேல இருந்து விழுந்திருந்தா அங்கயும் ஓட்டை இருக்கணும்ல?"

அப்பா கையிலிருந்த பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அப்ப கீழ இருந்து மேல போச்சுன்றியா? மணல் எங்கனா மேல ஏறுமா?"

"அதான்பா கேள்வி" என்றாள் தென்றல். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. உடும்பு பிடித்துவிட்டது.

ஜேசிபியின் மேலிருந்து சக்கரபாணி அண்ணன் குரல் கொடுத்தார். "பாப்பா, நல்லாப் பாத்துக்க. சாப்புட்டு வந்து அந்தச் சுவரைத்தான் வெட்டப்போறேன்."

தென்றலுக்குத் திக்கென்றது. "அண்ணா, வேணாங்கண்ணா! இன்னும் நான் பாத்து முடிக்கல!"

"நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்மா" என்று அவர் சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் பச்சையம்மாள் அத்தை பள்ளத்துக்குள் வந்தார். கிரிவலப் பாதையில் கற்பூரமும் பூவும் விற்பவர். வீட்டுச் செடிகளுக்கு ஒரு கூடை வண்டல் எடுக்க வந்திருந்தார். சுவரைப் பார்த்ததும் கூடை அவர் கையிலிருந்து நழுவியது.

"அண்ணாமலையாரே!"

அத்தை அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

"தூணும்மா, தூணு! அடியும் தெரியல, முடியும் தெரியல! பூமிக்குள்ள இருந்து விபூதியா வந்து நிக்கறாரும்மா!"

முடி நன்றாகத் தெரிந்தது. தென்றலின் நெற்றி உயரத்தில்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் பிறந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. சிவன் நெருப்புத் தூணாக நின்ற மலை என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். பூமியிலிருந்து வெள்ளையாக ஏதாவது நிமிர்ந்து நின்றால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

அத்தை இடுப்பிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். தூணிலிருந்து ஒரு சிட்டிகை மணலைக் கிள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார். சக்கரபாணி அண்ணனும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி இருக்கிற எடத்துல நான் ஜேசிபி பல்லு வைக்க மாட்டேன்" என்று சொல்லி, ஜேசிபியைப் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் ஓட்டிப்போய்விட்டார்.

தென்றலுக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, சுவர் பிழைத்தது! அத்தையைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மதியம்வரைதான் நீடித்தது.

ஊருக்குள் சேதி பரவி, சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வந்துபோயிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் எடுத்தார்கள். ஆனால் நாற்பது சிட்டிகை என்பது ஒரு கைப்பிடியை விட ஜாஸ்தி. வியாழக்கிழமை தென்றல் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது, தூண் எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது.

"இப்படியே போனா ஒண்ணும் இருக்காது" என்றாள் தன்னோடு வந்த தம்பி ஆதவனிடம். அவனுக்கு ஏழு வயது. எதையும் குதித்துக்கொண்டே கேட்பான்.

"எத்தினி நாள்ல தீந்துபோவும்க்கா?"

"நாளைக்கே தீந்துடும்டா. நாளைக்கு சித்ரா பௌர்ணமி."

சித்ரா பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். அதில் நூற்றில் ஒருவர் கோரையேரிப் பக்கம் திரும்பினால் போதும். தூணும் இருக்காது, சுவரும் இருக்காது.

மணல் எப்படி மேலே ஏறியது என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும். அதை நினைத்தபோது தென்றலுக்கு அழுகையே வந்தது. ஆனால் அழுதுகொண்டிருந்தால் யோசிக்க முடியாது என்பதால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பள்ளத்தின் தரையில் உட்கார்ந்தாள்.

எதிர்ப்பக்கத்தில் ஜேசிபி வேலை செய்துகொண்டிருந்தது. வெட்டிய இடத்தைச் சமன் செய்ய, சக்கரபாணி அண்ணன் அதன் வாயால் தரையை அடித்துக்கொண்டிருந்தார். டொம்... டொம்... டொம்...

தென்றலின் கால் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. மேலே லேசாகச் சேறு காய்ந்து ஏடு படிந்திருந்தது. ஒவ்வொரு டொம்முக்கும் அந்த ஏடு நடுங்கியது. திடீரென்று அதில் ஒரு கீறல் விழுந்தது. அதன் வழியே தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. தண்ணீரோடு வெள்ளை மணலும் வந்து, சுற்றிலும் படிந்து, எறும்புப் புற்று மாதிரி ஒரு குட்டி மேடு கட்டியது.

தென்றல் எழுந்து நின்றாள்.

"ஆதவா! மணல் மேல ஏறுதுடா!"

"எங்கக்கா? எங்க?"

"தோ! தரை ஆடினா ஏறுதுடா. ஆடினா ஏறுது!"

வீட்டுக்கு ஓடினார்கள். அப்பா சாப்பிட்டு முடித்த தூக்கில் வெள்ளை மணலும் கறுப்பு மண்ணும் நிறைந்திருந்தன. சாப்பாட்டுத் தூக்கில் மண்ணைப் பார்த்த அம்மாவின் முகத்தைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

தென்றல் ஒரு பக்கெட்டில் வெள்ளை மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மேலே கறுப்பு மண்ணைப் பரப்பி அழுத்தினாள். பக்கெட்டை ஒரு பலகையின் மேல் வைத்தாள்.

"ஆதவா, பலகையில குதி."

வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் தன்னைக் குதிக்கச் சொல்லியிருக்கிறார் என்ற பூரிப்பில் ஆதவன் குதித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

தண்ணீர் கம்மி என்று நினைத்து, இரண்டாவது முறை நிறைய ஊற்றினாள். எல்லாம் கலந்து குழம்பாகிவிட்டது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "அது நான் குடிதண்ணி புடிக்கிற பக்கெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த அமைதி திட்டைவிட மோசமாக இருந்தது.

மூன்றாவது முறை மணல் நனைந்து மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மேலே கறுப்பு மண்ணை ரொட்டி மாதிரித் தட்டி வைத்தாள்.

"குதி!"

ஆதவன் குதித்தான். பத்து, இருபது, முப்பது. "கால் வலிக்குதுக்கா" என்றான். "இன்னும் அஞ்சு" என்றாள் தென்றல். முப்பத்து மூன்றாவது குதியில் கறுப்பு மண் பிளந்தது. பிளவு வழியே தண்ணீரும் வெள்ளை மணலும் பொங்கி வந்து, மேலே வட்டமாகப் பரவின.

சுவரில் இருந்த அதே குடை!

"தரை ஆடும்போது ஈர மணல் தண்ணி மாதிரி ஆயிடுது" என்று தென்றல் மெல்லச் சொன்னாள். "மேல இருக்கிற மண்ணு அழுத்துது. அதுக்குப் போக வேற எடம் இல்ல. அதான் கிழிச்சுக்கிட்டு மேல வருது. ஆனா ஏரியில அவ்ளோ பெரிய தூணு வரணும்னா..."

"எவ்ளோ பெரிய ஆளுக்கா குதிச்சிருப்பாங்க?" என்று கேட்டான் ஆதவன், மூச்சு வாங்க.

"ஆள் இல்லடா. பூமியே குதிச்சிருக்கு."

தென்றலின் அறிவியல் நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. பிப்ரவரி மாதம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு ஆர்த்தி மேடம் என்பவர் வந்திருந்தார். மண் அடுக்குகளை ஆராய்ச்சி செய்பவர். "மண்ணில் விசித்திரமாக எதையாவது பார்த்தால் எனக்கு அனுப்புங்கள்" என்று சொல்லி, கரும்பலகையில் நம்பரை எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் அதை எழுதிக்கொண்ட தாளில் ராக்கெட் செய்துவிட்டார்கள்.

அப்பாவின் போனில் சுவரின் போட்டோவையும் பக்கெட்டின் போட்டோவையும், தனக்குத் தோன்றியதையும் எழுதி அனுப்பினாள் தென்றல். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"தென்றல், பூமி அதிர்ந்திருக்கும்னு எழுதியிருக்கியே, அது நீயே யோசிச்சதா?"

"பக்கெட்டுதான் மேடம் சொல்லிச்சு."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு குரல் மாறியது. "கேளும்மா. இது எப்பவோ நடந்த நிலநடுக்கத்தோட தடமா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும். நான் இப்ப தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கேன். நாளைக்கு பௌர்ணமிக் கூட்டம், ஊருக்குள்ளயே வர முடியாது. சனிக்கிழமை காலையில வந்துடறேன். அதுவரைக்கும் அந்தச் சுவரை யாரும் தொடாமப் பாத்துக்க முடியுமா? வெயில்ல காஞ்சா கறுப்பு மண்ணு வெடிச்சிடும். ஓரத்துல ஈரச் சாக்கு போட்டு வை."

"முடியும் மேடம்" என்றாள் தென்றல்.

போனை வைத்த பிறகுதான், எப்படி முடியும் என்று யோசித்தாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "ஊரே கும்புடுதும்மா. நீ போயி தொடாதன்னா யாரு கேப்பாங்க? நாளைக்கு இவங்க வயலுக்குத்தான் நான் வண்டி ஓட்டணும்."

"யாரையும் கும்புடாதன்னு நான் சொல்லலியேப்பா. தொடாதீங்கன்னுதான் சொல்லப்போறேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னுதான் அவங்க நினைப்பாங்க."

 தென்றல் சாக்குகளைத் தேடிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே அவளும் ஆதவனும் ஏரிக்குப் போனார்கள். அவள் தோளில் ஈரச் சாக்கு. கையில் மறுபடி நிரப்பிய அந்தப் பக்கெட். ஆதவன் பலகையைத் தலையில் வைத்திருந்தான்.

அவர்களுக்கு முன்னால் பச்சையம்மாள் அத்தை வந்திருந்தார். கையில் பெரிய எவர்சில்வர் குண்டான், ஒரு கரண்டி. பின்னால் முப்பது பேர்.

"மலை சுத்த வர்ற சனத்துக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் விபூதி குடுக்கணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். "குண்டான் நெறைய எடுத்துக்கலாம்."

தென்றல் ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் விரித்தாள். பயமாகத்தான் இருந்தது. 

"அத்தை, வேணாம். எடுக்காதீங்க."

"ஏம்மா? நகரும்மா."

"மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். தருமன் மாமா. அவர் வயலுக்குத்தான் அப்பா அன்றைக்கு மண் அடிக்க வேண்டும்.

"யாரு ஊட்டுப் பொண்ணு இது? சாமிக்குக் குறுக்க நிக்குது?"

"ராமதாஸ் பொண்ணு" என்றார் யாரோ. மேட்டில் டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்த அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். தென்றல் அதைப் பார்த்தாள். ஆனாலும் கையை மடக்கவில்லை.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "பெரிய கோயில்ல கருவறைக்குள்ள போயி, சாமி மேல இருக்கிற விபூதியை நாமளே எடுத்துக்குவோமா?"

"ஐயய்யோ! பாவம்மா! யாருனா செய்வாங்களா?"

"தூர நின்னுதான பாப்போம்?"

"ஆமா. பின்ன?"

"அங்க கிட்டயே போவ மாட்டோம். இங்க மட்டும் ஏன் அத்தை கரண்டி போட்டுச் சொரண்டறோம்?"

பச்சையம்மாள் அத்தை தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அது வீட்டில் சாம்பார் கிளறுகிற கரண்டி. அதை மெதுவாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தருமன் மாமா மட்டும் விடவில்லை. "அப்ப நீயும் இது சாமின்னுதான் சொல்ற?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தென்றலின் நாக்கு நுனிவரை அந்த 'ஆமா' வந்துவிட்டது. ஆனால் அது அவள் நினைத்தது இல்லையே. பொய் சொல்லிக் காப்பாற்றினால், நாளைக்கு ஆர்த்தி மேடம் வரும்போது அத்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"எனக்கு வேற தோணுது மாமா" என்றாள். "சொன்னா திட்டக் கூடாது. ஆதவா, பலகையைப் போடு."

ஆதவன் பலகையைப் போட்டான். தென்றல் பக்கெட்டை வைத்தாள். முப்பது பேரும் வட்டமாகக் குனிந்தார்கள். ஆதவன் குதித்தான். இவ்வளவு பேர் பார்க்கும்போது குதிப்பதில் தனி வேகம் அவனுக்கு. இருபதாவது குதியிலேயே கறுப்பு மண் வாயைத் திறந்தது. வெள்ளை மணல் பொங்கி வந்து குடை விரித்தது.

"யம்மாடி!" என்றது கூட்டம்.

"எப்பவோ இந்தப் பூமி ஆடியிருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள் தென்றல். "நம்ம தாத்தாவோட தாத்தாவுக்கும் முன்னால. யாரும் எழுதி வைக்கல. இந்தச் சுவருதான் எழுதி வச்சிருக்குது. இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க நாளைக்குக் காலையில வர்றாங்க. நான் நினைக்கிறது தப்பாக்கூட இருக்கலாம். ஆனா நாம சொரண்டிட்டா, சரியா தப்பான்னு யாருக்குமே தெரியாது. சாமின்னு நினைச்சாலும் தொட வேணாம். பூமி ஆடுன தடம்னு நினைச்சாலும் தொட வேணாம். ஒரே ஒரு நாள் மாமா."

தருமன் மாமா பக்கெட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பக்கெட்டைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ குதி பாப்போம்" என்றார் ஆதவனிடம்.

மேட்டிலிருந்து அப்பா இறங்கி வந்தார். கையில் டிராக்டரில் கட்டுகிற கயிறு. நான்கு குச்சிகளை நட்டு, சுவருக்குப் பத்தடி முன்னால் கயிறு கட்டினார். கோயில் வரிசைக்குக் கட்டுவது போலவே இருந்தது. கட்டி முடித்துவிட்டு மகளின் தலையில் ஒருமுறை கை வைத்தார். 

எல்லாரும் கயிற்றுக்கு வெளியே போனார்கள். பச்சையம்மாள் அத்தை மட்டும் போகவில்லை.

"தென்றலு" என்றார் மெதுவாக. "எம்புள்ள மணிக்குத் திங்கக்கிழம கால்ல ஆபரேஷன். வேலூருக்கு இட்டுனு போறோம். அவன் நெத்தியில இதை இட்டு அனுப்பலாம்னு நினைச்சேன். எனக்குன்னு எடுக்கல சாமி."

அத்தையின் கண்கள் நிறைந்திருந்தன.  தென்றல் சுவரின் அடியில் குனிந்து பார்த்தாள். இரண்டு நாட்களாக ஆட்கள் கிள்ளியதில், கொஞ்சம் வெள்ளை மணல் தரையில் உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்ததை இனி எந்த அடுக்கிலும் சேர்க்க முடியாது. அதை இரண்டு கையாலும் கூட்டி அள்ளி, அத்தையின் முந்தானையில் போட்டாள்.

"இதுவும் அதே மணல்தான் அத்தை. மணி அண்ணன் நல்லா ஆயிடுவாரு."

அத்தை முந்தானையை முடிந்துகொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்து, ஒரு நல்ல வேலமரக் குச்சியைத் தேடி எடுத்து, கயிற்றுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஊட்டுக்குப் போயி சாப்புடு. நான் பாத்துக்கறேன்."

அன்று முழுவதும் கோரையேரியில் அத்தையின் ராஜ்ஜியம்தான். "தம்பி, கையைக் கட்டிக்கோ! யம்மா, கயித்தைத் தாண்டாத! பாத்தாச்சுல்ல, நகரு, நகரு!" பெரிய கோயிலில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. கற்பூரச் சூட்டில் சுவர் காய்ந்துவிடும் என்று தென்றல் சொன்னதும், கற்பூரத்தைக்கூட பத்தடி தள்ளி ஏற்ற வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆதவன் சாக்கை நனைத்துக் கொண்டுவந்தான். தருமன் மாமா சாயங்காலம் தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, பக்கெட் வித்தையைப் பற்றித் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்குள் ஆர்த்தி மேடம் பெரிய பையோடு பள்ளத்தில் இறங்கினார். சுவரைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கக்கூட மறந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, தூணின் பக்கம் கையை நீட்டினார்.

வேலங்குச்சி குறுக்கே வந்து நின்றது.

"யாரும்மா நீ? கை வைக்காத! தூர நின்னு பாரு!"

"அத்தை, அத்தை!" தென்றல் ஓடிவந்தாள். "இவங்களுக்காகத்தான் நாம காவல் இருந்தோம்! இவங்க தொடலாம்."

பச்சையம்மாள் அத்தை ஆர்த்தி மேடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிச்சுட்டு வந்தாங்களான்னு கேளு."

"அஞ்சு மணிக்கே குளிச்சுட்டேங்க" என்றார் ஆர்த்தி மேடம் அடக்கமாக. குச்சி விலகியது.

மேடம் சுவரை ஒரு மணி நேரம் அளந்தார், படம் எடுத்தார், வரைந்தார். பிறகு ஒரு தகரப் பெட்டியைச் சுவரில் அழுத்தி, அடுக்குகள் கலையாமல் மண்ணை அப்படியே வெட்டி எடுத்தார். குடைக்கு மேலே இருந்த கறுப்பு மண்ணையும், கீழே இருந்ததையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்.

"எத்தினி வருஷத்துக்கு முன்னாலன்னு தெரியுமா மேடம்?" என்று கேட்டாள் தென்றல்.

"இந்தக் கறுப்பு மண்ணுல மக்கிப்போன கோரை இருக்கில்ல, அது சொல்லும். சோதனை பண்ண மாசக்கணக்காகும்."

"பூமி ஆடினதுதானா?"

"அப்படித்தான் தெரியுது. ஆனா ஒரு சாட்சியை மட்டும் வச்சு நான் எழுத முடியாதும்மா. இதே ஏரியில, இதே அடுக்குல, இன்னொண்ணு இருந்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

"அப்ப சாமி இல்லியா?" என்று கேட்டார் பச்சையம்மாள் அத்தை. குரல் சின்னதாக இருந்தது.

ஆர்த்தி மேடம் தென்றலைப் பார்த்தார். தென்றல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க மொதல்ல கும்புடலன்னா சக்கரபாணி அண்ணன் புதன்கிழமையே இந்தச் சுவரை வெட்டியிருப்பாரு. இன்னிக்கு மேடம் பாக்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. இதைக் காப்பாத்தினதே நீங்கதான்."

 அத்தை குச்சியைத் தரையில் தட்டினார். "அது சரிதான்" என்றார் நிமிர்ந்து.

ஆர்த்தி மேடம் தகரப் பெட்டியின் மூடியை ஒட்டிவிட்டு, பேனாவைத் தென்றலிடம் நீட்டினார். "பேரு நீதான் எழுதணும்."

தென்றல் நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகான எழுத்தில் எழுதினாள்: கோரையேரி, சாட்சி 1.

பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சக்கரபாணி அண்ணன் புதிதாக வெட்டியிருந்த எதிர்ச்சுவரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

"தென்றலு! அப்பா சாப்பாட்டுத் தூக்கு எங்கம்மா?" என்று மேட்டிலிருந்து அப்பா கத்தினார்.

"மேட்டுல வேப்பமர நிழல்ல இருக்குதுப்பா! நீ சாப்புடு. நான் சாட்சி ரெண்டைத் தேடிட்டு வந்துடறேன்!"